இது நிஜமா, டீப்ஃபேக்கா? என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மும்பை அந்தேரியில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் இருபத்திரண்டு வருடங்களாக வேலை பார்க்கிறேன். இந்தியில் அசையும் உதடுகளுக்குத் தமிழ்க் குரல் பொருத்துவது என் பிழைப்பு. சோப்பு விளம்பரம், ஆவணப்படம், கார்ட்டூன் எதையும் விட்டதில்லை. ஒருவர் வாயில் இன்னொருவர் குரலை ஒட்டிச் சம்பளம் வாங்கியவனுக்கு ஒட்டு எங்கே பிசிறடிக்கும் என்று தெரிந்திருக்கும் என நினைத்தோ என்னவோ, டீப்ஃபேக் எனப்படும், கணினி செய்த போலி வீடியோக்களையும் குரல்களையும் சோதிக்கும் குழு ஒன்று இரண்டு வருடங்களாகத் தமிழ்ப் பதிவுகளை என்னிடம் கேட்கக் கொடுக்கிறது. செய்தி பரவிவிட்டது. செம்பூர், மாட்டுங்கா, தாராவி, முலுண்ட் என்று எல்லாப் பக்கமிருந்தும் இரவு பதினொரு மணிக்கு ஒரு ஃபார்வர்ட் வரும். கீழே ஒரே வரி: "சார், இது நிஜமா?" திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே ஒரே தடவையாகப் பதில் எழுதி வைக்கிறேன்.

போட்டோவில் தலையை மாற்றி ஒட்டுவது அந்தக் காலத்திலேயே உண்டே. இதில் என்ன புதிது?

கத்தரிக்கோலும் பசையும் வைத்து ஒட்டிய காலத்தில் ஒட்டுபவருக்குக் கைத்திறன் வேண்டும், நேரம் வேண்டும். இப்போது இரண்டும் தேவையில்லை. அதைவிட முக்கியமான புதுமை ஒன்று உண்டு. 2014இல் இயன் குட்ஃபெலோவும் உடனிருந்த ஆய்வாளர்களும் ஒரு முறையை வெளியிட்டார்கள். அதில் இரண்டு நரம்பு வலைப்பின்னல்கள், அதாவது மாதிரிகளைப் பார்த்துப் பழகும் கணினி நிரல்கள். ஒன்று பொய்ப் படம் வரையும். மற்றது அதைப் பார்த்து பொய்யா மெய்யா என்று தீர்ப்புச் சொல்லும். பிடிபட்டதும் முதலாவது தன்னைத் திருத்திக்கொண்டு மறுபடி வரையும். இப்படியே போய், தீர்ப்புச் சொல்பவரால் பிரித்தறிய முடியாத படம் கடைசியில் வந்து சேரும். போலி செய்கிற பட்டறைக்குள்ளேயே முதல் நாளிலிருந்து ஒரு பரிசோதகர் உட்கார்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியே நின்று கண்டுபிடிக்கப் பார்க்கும் நாம் எப்போதும் அவருக்குப் பிறகுதான் வருகிறோம்.

'டீப்ஃபேக்' என்ற பெயர் 2017இல் வந்தது. நடிகைகளின் முகங்களை ஆபாச வீடியோக்களில் பொருத்தி ரெடிட் தளத்தில் போட்ட ஒருவரின் புனைபெயர் அது. பிறப்பே அப்படி. இன்றைய படக் கருவிகளில் பெரும்பாலானவை வேறு வழியில் வேலை செய்கின்றன. வெறும் புள்ளி இரைச்சலில் தொடங்கி, அதைப் படிப்படியாக நீக்கிக்கொண்டே போய் ஒரு முகத்தை வெளியே எடுக்கின்றன.

பார்த்தாலே தெரியாதா? கண் சிமிட்டாது, ஆறு விரல் இருக்கும் என்கிறார்களே?

கண் சிமிட்டும் கதை 2018ஆம் ஆண்டுச் சமாச்சாரம். நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஆல்பனி வளாகத்தில் சிவே லியூ குழுவினர் டீப்ஃபேக் முகங்கள் சரியாகக் கண் சிமிட்டுவதில்லை என்று கவனித்தார்கள். காரணம் எளிது. இணையத்தில் கிடைக்கும் படங்களில் எல்லாரும் கண்ணைத் திறந்து வைத்திருக்கிறார்கள். மூடிய கண்ணோடு இருக்கும் படத்தை யார் போடுவார்கள்? அந்தப் படங்களைப் பார்த்துப் பழகிய இயந்திரத்துக்குச் சிமிட்டத் தெரியவில்லை. கட்டுரை வெளிவந்த கொஞ்ச நாளிலேயே சிமிட்டும் டீப்ஃபேக்குகளும் வந்துவிட்டன. ஆறு விரல், குளறிய பல்வரிசை, ஒரு காதில் மட்டும் தோடு எல்லாமே இதே வழியில் போய்க்கொண்டிருக்கின்றன. இன்னமும் ஆறு விரலைத் தேடிக்கொண்டிருப்பவர்கள் போன வருடத்துத் திருடனைப் பிடிக்க இந்த வருடம் காவல் நிற்கிறார்கள்.

எனக்குப் பிடித்த சோதனை ஒன்று இன்னும் ஓரளவு உதவுகிறது, குறிப்பாகத் தமிழில். பகரமும் மகரமும் இரண்டு உதடுகளும் சேர்ந்தால்தான் பிறக்கும் என்று இலக்கண வகுப்பில் படித்திருப்பீர்கள். உதட்டைத் திறந்து வைத்துக்கொண்டு 'அம்மா' என்று யாராலும் சொல்ல முடியாது; வேண்டுமானால் இப்போதே முயன்று பாருங்கள். ஆங்கிலத்தில் இதே கருத்தை வைத்து 2020இல் ஹேனி ஃபரித் உள்ளிட்ட ஆய்வாளர்கள் போலி உதட்டசைவைக் கண்டுபிடிக்கும் முறையை வெளியிட்டார்கள். தமிழ் நமக்கு இன்னும் வசதி. 'அப்பா', 'அம்மா', 'சம்பளம்', 'கொழும்பு' என்று இரட்டித்தும் இனமெய்யோடும் வரும் இடங்களில் உதடு ஒரு கணம் கூடுதலாக மூடியிருக்க வேண்டும். வீடியோவைப் பாதி வேகத்தில் ஓட்டி, ஒலியை நிறுத்திவிட்டு, அந்த இடத்தில் வாயை மட்டும் பாருங்கள். உதடுகளுக்கு நடுவே பல் தெரிந்தால் சந்தேகப்படலாம்.

சந்தேகப்படத்தான் சொல்கிறேன். ஏனென்றால் நான் டப்பிங் செய்த எந்த விளம்பரமும் இந்தச் சோதனையில் தேறாது.

அப்படியானால் கருவிகள் எதைத்தான் பார்க்கின்றன?

நம் கண்ணுக்குத் தெரியாதவற்றை. மூன்றைச் சொல்கிறேன்.

முதலாவது கேமராவின் ரேகை. கேமராவுக்குள் இருக்கும் சென்சாரில் லட்சக்கணக்கான புள்ளிகள் உண்டு. தொழிற்சாலையில் எத்தனை கவனமாகச் செய்தாலும் ஒவ்வொரு புள்ளியும் வெளிச்சத்தை ஒரு துளி கூடவோ குறையவோ வாங்கும். அந்தக் கோணல் ஒவ்வொரு படத்திலும் அதே இடத்தில் பதியும். ஒரே மாடலில் இரண்டு போன் வாங்கினாலும் இரண்டுக்கும் வேறு வேறு ரேகை. ஜெசிக்கா ஃப்ரிட்ரிக் குழுவினர் 2006 வாக்கில் இதை ஒரு முறையான சோதனையாக்கினார்கள். இயந்திரம் வரைந்த படத்துக்கு எந்தக் கேமராவின் ரேகையும் இருக்காது.

இரண்டாவது வரைந்த இயந்திரத்தின் சொந்தத் தடயம். படத்தை அலைவரிசைகளாகப் பிரித்துப் பார்த்தால் சில கருவிகள் செய்த படங்களில் கட்டம் கட்டமாக ஒரு கோலம் தெரியும். சின்னப் படத்தைப் பெரிதாக்கும் கணக்கில் விழும் தழும்பு அது. கருவியை மாற்றினால் கோலமும் மாறும், சில சமயம் காணாமலே போகும். அதனால் பழைய கோலங்களை மட்டும் படித்த கண்டுபிடிப்புக் கருவி புதிய போலியின் முன்னால் விழிக்கும்.

மூன்றாவதுதான் கேட்பவர்கள் எல்லாரும் வாயைப் பிளக்கும் விஷயம்: நாடித் துடிப்பு. இதயம் துடிக்கும்போது முகத் தோலில் ரத்தம் ஏறி இறங்கும். தோலின் நிறம் நூலிழை அளவு மாறும். கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். கொரோனா காலத்தில் விரலில் மாட்டினோமே ஆக்சிமீட்டர், ஏறக்குறைய அதே தத்துவம். 2022 நவம்பரில் இன்டெல் நிறுவனம் இதை வைத்து ஃபேக்கேச்சர் என்ற கருவியை அறிவித்து 96 சதவீதத் துல்லியம் என்றது. மறுவருடம் பிபிசி அதைச் சோதித்தபோது, போலிகளைப் பெரும்பாலும் பிடித்தது. கூடவே தெளிவு குறைந்த சில நிஜ வீடியோக்களையும் போலி என்றது. 2025இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் இன்னொரு இடியை இறக்கினார்கள். நல்ல தரமான டீப்ஃபேக்கில், அசைவுகளைக் கொடுத்த மூல வீடியோவின் நாடித் துடிப்பும் சேர்ந்தே வந்துவிடுகிறதாம். பொய் முகத்துக்கும் நாடி ஓடுகிறது. ரத்தம் முகத்தின் எந்தப் பகுதிக்கு எப்போது போகிறது என்ற நுணுக்கத்தைத்தான் இனிப் பார்க்க வேண்டியிருக்கும் என்கிறார்கள்.

ஒரு இணையதளத்தில் போட்டுப் பார்த்தேன், '90 சதவீதம் போலி' என்று வந்தது. போலிதானே?

அவசரப்படாதீர்கள். கருவி தன் வீட்டில் எடுத்த மதிப்பெண்ணும் தெருவில் எடுக்கும் மதிப்பெண்ணும் ஒன்றல்ல. ஃபேஸ்புக் நடத்திய டீப்ஃபேக் கண்டுபிடிப்புப் போட்டியின் முடிவு 2020இல் வந்தது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கலந்துகொண்டார்கள். பரிசு மொத்தம் பத்து லட்சம் டாலர். எல்லாருக்கும் தெரிந்த தரவில் முன்னணிக் கருவி 82 சதவீதத்துக்கு மேல் வாங்கியது. முன்பின் பாராத வீடியோக்களைக் கொடுத்தபோது முதலிடம் பெற்ற கருவிக்கே 65 சதவீதம்தான். பூவா தலையா போட்டால் ஐம்பது கிடைக்கும். அன்றைக்கு இருந்ததைவிடக் கருவிகள் வளர்ந்திருக்கின்றன, போலிகளும் வளர்ந்திருக்கின்றன.

இன்னொரு கணக்கும் உண்டு. உங்கள் குடியிருப்புச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவுக்கு மாதம் 1,000 வீடியோ வருகிறது, அதில் 10 போலி என்று வைத்துக்கொள்வோம். 95 சதவீதம் சரியாகச் சொல்லும் கருவி கிடைத்தால், அந்தப் பத்தில் ஒன்பதோ பத்தோ பிடிபடும். நல்லதுதான். ஆனால் மீதி 990 நிஜ வீடியோக்களில் ஐந்து சதவீதம், அதாவது ஏறத்தாழ 50 வீடியோக்களையும் அது போலி என்று சொல்லும். கருவி கை நீட்டிய அறுபதில் ஐம்பது நிரபராதிகள். துல்லியம் எத்தனை சதவீதம் என்று கேட்டவர்கள் உண்டு. இந்தக் கணக்கை ஒருவர்கூட இதுவரை என்னிடம் கேட்டதில்லை.

நான் அனுப்பிய வீடியோவைப் பார்த்துவிட்டு "மூலக் கோப்பு இருக்கிறதா?" என்று ஏன் கேட்டீர்கள்? அதுவும் இதுவும் ஒன்றுதானே?

இல்லை. கையெழுத்துப் பரிசோதகரிடம் பத்திரத்தின் பத்தாவது ஜெராக்ஸைக் கொண்டுபோய்க் கொடுத்தால் என்ன சொல்வார்?

வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பும்போது அளவு சுருங்குகிறது. எங்கே, எப்போது, எந்தக் கருவியில் எடுத்தது என்ற மெட்டாடேட்டா உதிர்கிறது. மேலே சொன்ன கேமரா ரேகை, அலைவரிசைக் கோலம், நாடித் துடிப்பு மூன்றும் மெல்லிய விஷயங்கள். சுருக்கும் கணக்குக்கு அவை எல்லாம் குப்பை. கூட்டிப் பெருக்கித் தள்ளிவிடும். பார்க்கிறவர் முகத்தை அடையாளம் காண எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான் மிஞ்சும். அதையும் திரையில் ஓடவிட்டு இன்னொரு போனால் படம் பிடித்து அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் பதில் எழுதுவதையே விட்டுவிட்டேன்.

செய்ய வேண்டியது சிறிய வேலை. முதலில் யாரிடமிருந்து வந்ததோ அவரிடம் மூலக் கோப்பைக் கேளுங்கள். அனுப்பும்போது 'டாக்குமென்ட்' என்பதைத் தேர்ந்தெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அப்படி அனுப்பினால் சுருங்காது, மெட்டாடேட்டாவும் தங்கும். அது முடியாவிட்டால் முதலில் பதிவேறிய இணைப்பை அனுப்புங்கள்.

வெளியூரிலிருக்கும் பேரன் குரலிலேயே பணம் கேட்டு வந்தது. குரலில் பொய்யைக் கண்டுபிடிப்பது எளிதா?

முகத்தைவிடக் கடினம். 2023 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு முறைக்கு மூன்று விநாடி மாதிரி போதும், அந்தக் குரலில் எதையும் பேசவைக்க. மூன்று விநாடி என்பது "ஹலோ, யார் பேசுகிறீர்கள், சொல்லுங்கள்" என்று சொல்லி முடிக்கும் நேரம். ரீல்ஸ் போடும் பிள்ளைகள் மணிக்கணக்கில் மாதிரி கொடுத்து வைத்திருக்கிறார்கள்.

கேள்வியில் வரும் சம்பவம் தாராவி தொண்ணூறடிச் சாலைப் பக்கம் நடந்தது. திருநெல்வேலிக் குடும்பம், மூன்று தலைமுறையாக மும்பையில். பேரன் புனேயில் வேலை பார்க்கிறான். புதிய எண்ணிலிருந்து வீட்டு போனுக்கு ஒரு குரல் செய்தி. பதினான்கு விநாடி. "பாட்டி, நான்தான். போன் உடைந்துவிட்டது. இந்த எண்ணுக்குப் பதினெட்டாயிரம் அனுப்பச் சொல், அப்புறம் விவரமாகச் சொல்கிறேன்." மருமகள் போனை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலை என்னிடம் வந்துவிட்டார். கிழவியும் கூடவே வந்தார்.

ஹெட்ஃபோன் மாட்டிக் கேட்டேன். இரண்டு விஷயம் உறுத்தியது. பதினான்கு விநாடியில் ஒரு தடவைகூட மூச்சு வாங்கவில்லை. வாக்கியங்களுக்கு நடுவே நிசப்தம் சுத்தமாக இருந்தது. விசிறிச் சத்தம் இல்லை, தெருச் சத்தம் இல்லை. எங்கள் கூடத்தில் கதவை அடைத்துப் பதிவு செய்தாலே அப்படி ஒரு சுத்தம் கிடைக்காது. ஆனால் இரண்டையும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. இப்போது வரும் போன்களே இரைச்சலை நீக்குகிறேன் என்று மூச்சையும் சேர்த்துத் துடைத்துவிடுகின்றன. வாட்ஸ்அப் குரல் செய்தி ஏற்கெனவே சுருக்கப்பட்ட கோப்பு. மேல் அலைவரிசைகள் அதில் இருப்பதில்லை. சாதாரண போன் அழைப்பு இன்னும் மோசம், பழைய முறை இணைப்புகளில் ஏறத்தாழ 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தும். குரல் செய்யும் இயந்திரம் தடுமாறும் இடங்களில் பல அதற்கு மேலேதான் இருக்கின்றன. இரண்டு கருவிகளில் போட்டேன். ஒன்று 62 சதவீதம் போலி என்றது, மற்றது 30 என்றது.

நான் திரையைப் பார்த்துத் தலையைச் சொறிந்துகொண்டிருந்தபோது கிழவி மருமகளிடம் சொன்னார்: "அவன் என்னைப் பாட்டி என்று கூப்பிடமாட்டானே. ஆச்சி என்றல்லவா கூப்பிடுவான்."

அவ்வளவுதான். பேரனுக்கு அவனுடைய பழைய எண்ணிலேயே போன் போட்டோம். ரிங் போனது, எடுத்தான், போன் உடையவில்லை. அது இயந்திரக் குரலா, யாராவது பேசிக் காட்டியதா என்று என்னால் இன்றுவரை அடித்துச் சொல்ல முடியாது. மோசடி என்பது மட்டும் நிச்சயம். உங்கள் வீட்டில் யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்பதை இணையத்தில் கொட்டி வைக்காமல் இருப்பது நல்லது.

வீடியோ அழைப்பில் முகத்தையே காட்டினால்?

2023 ஜூலையில் கோழிக்கோட்டில் ஓய்வுபெற்ற ஒருவரிடம் பழைய சக ஊழியரின் முகத்தோடு வாட்ஸ்அப் வீடியோ அழைப்பில் வந்து 40,000 ரூபாய் கறந்தார்கள். கேரளப் போலீஸ் பணத்தை மீட்டுக் கொடுத்தது. 2024 தொடக்கத்தில் தெரியவந்த ஹாங்காங் சம்பவத்தில் ஒரு பன்னாட்டு நிறுவன ஊழியர் வீடியோ கூட்டத்தில் அமர்ந்தார். எதிரே நிதி அதிகாரி, மற்ற சகாக்கள். அவரைத் தவிர எல்லா முகமும் போலி. 20 கோடி ஹாங்காங் டாலர் போயிற்று.

முழுதாகப் பக்கவாட்டில் திரும்பச் சொல்லலாம், கையை முகத்துக்குக் குறுக்கே மெதுவாக நகர்த்தச் சொல்லலாம். முகம் விளிம்பில் அலைபாய்ந்தால் பிடித்துவிட்டீர்கள். அலைபாயவில்லை என்றால் ஒன்றும் நிரூபணமாகவில்லை. அழைப்பைத் துண்டித்துவிட்டு உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் எண்ணில் நீங்களே கூப்பிடுங்கள். தாராவிக் குடும்பத்துக்காக அன்று நாங்கள் செய்ததும் அதுதான்.

பங்குச் சந்தைத் தலைவரே பங்கு பரிந்துரைக்கும் வீடியோ வந்தது. நம் ஊர்க்காரர்தானே, நம்பலாமா?

மும்பையில் அதிகம் பணம் பறிபோவது இந்த வகையில்தான் என்பது என் அனுமானம். கேள்விகளில் பாதி இதைப் பற்றியவை. 2024 ஏப்ரலில் தேசியப் பங்குச் சந்தை தன் தலைவர் ஆஷிஷ்குமார் சௌஹானின் போலி வீடியோக்களைப் பற்றி எச்சரித்தது. அடுத்த வாரமே மும்பைப் பங்குச் சந்தை தன் தலைவர் சுந்தரராமன் ராமமூர்த்தியைப் பற்றி அதே எச்சரிக்கையை விட்டது. நவம்பரில் ரிசர்வ் வங்கியின் முறை, அன்றைய ஆளுநர் சக்திகாந்த தாஸின் போலி வீடியோக்கள். ஜனவரியிலேயே சச்சின் டெண்டுல்கர் தன் முகத்தோடு ஒரு செயலிக்கு விளம்பரம் ஓடுவதைப் பார்த்துக் கொதித்து எழுதினார்; மும்பை சைபர் போலீஸ் வழக்குப் பதிந்தது.

இவற்றை நம்பலாமா என்று முடிவு செய்ய எந்தக் கருவியும் தேவையில்லை. பங்குச் சந்தையை நடத்துபவர் எந்தப் பங்கை வாங்க வேண்டும் என்று சொல்லவே மாட்டார். சொல்வது அவர் பதவிக்கே விரோதம். ஊர்க்காரராக இருந்தாலும். பணம் கேட்கும் தரகர் பதிவு பெற்றவர்தானா என்று பார்க்க 2025 அக்டோபர் முதல் பங்குச் சந்தைக் கண்காணிப்பு அமைப்பான செபி ஒரு வழி வைத்திருக்கிறது: பதிவு பெற்றவர்களின் யூபிஐ முகவரியில் '@வேலிட்' என்று ஆங்கில எழுத்திலும் அதையொட்டி வங்கியின் பெயரும் இருக்கும், 'செபி செக்' என்ற வசதியில் அதைச் சரிபார்க்கலாம்.

என் மகள் எழுதிய கட்டுரையை ஏஐ (செயற்கை நுண்ணறிவு) எழுதியது என்று கல்லூரி சொல்கிறது. கருவி காட்டுகிறதாம். என்ன செய்ய?

இந்தக் கேள்வி வரும்போது எனக்குக் கோபம் வருகிறது. எழுத்தைச் சோதிக்கும் கருவிகள்தான் இந்தத் துறையிலேயே மிகவும் நொண்டிக் குதிரை. சாட்ஜிபிடியைச் செய்த ஓபன்ஏஐயே 2023 ஜனவரியில் அப்படி ஒரு கருவியை வெளியிட்டது. ஏஐ எழுதியதில் 26 சதவீதத்தைத்தான் அது பிடித்தது. துல்லியம் போதவில்லை என்று ஜூலையில் தானே மூடிவிட்டது. அதே வருடம் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் ஏழு கருவிகளுக்கு, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் எழுதிய டோஃபல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வின் 91 கட்டுரைகளைக் கொடுத்தார்கள். சராசரியாக 61 சதவீதக் கட்டுரைகளை ஏஐ எழுதியவை என்றன. எல்லாம் மனிதர்கள் எழுதியவை. காரணம், இந்தக் கருவிகள் அடுத்த சொல் எவ்வளவு எதிர்பாராதது என்று அளக்கின்றன. இரண்டாவது மொழியில் எழுதுபவர் பழகிய சொற்களையே புழங்குவார், அது இயந்திரத்தனமாகத் தெரிகிறது. அதாவது, கவனமாகப் பிழையின்றி எழுதிய நம் பிள்ளைகள்தான் மாட்டுவார்கள்.

மகளிடம் வரைவுகள், திருத்த வரலாறு, குறிப்பு நோட்டு இருந்தால் எடுத்துக்கொண்டு போங்கள். ஆசிரியர் எதிரில் உட்கார்ந்து பத்து நிமிடம் அந்தக் கட்டுரையைப் பற்றிப் பேசட்டும்.

செய்யும்போதே முத்திரை குத்திவிட்டால் பிரச்சினை தீராதா?

இரண்டு வகை முயற்சிகள் நடக்கின்றன. ஏஐ படத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத குறி வைப்பது ஒன்று. கூகுளின் சிந்த்ஐடி 2023இல் வந்தது. நிஜப் படத்துக்குப் பிறப்புச் சான்றிதழ் கொடுப்பது மற்றொன்று. அடோபி, பிபிசி, மைக்ரோசாஃப்ட் போன்றவை 2021இல் தொடங்கிய சி2பிஏ கூட்டமைப்பின் வழி. எடுத்த கேமரா, செய்த திருத்தங்கள் எல்லாம் கோப்போடு கையொப்பமாகப் போகும். 2023 அக்டோபரில் கேமரா நிறுவனமான லைக்கா ஒரு கேமராவையே அப்படி வெளியிட்டது. விலையைக் கேட்காதீர்கள்.

இரண்டாவது வழியில்தான் எனக்கு நம்பிக்கை அதிகம், ஆனால் நம் ஃபார்வர்ட் பழக்கம் அதையும் தோற்கடிக்கும். வழியில் சான்றிதழ் கழன்று விழுந்துவிட்டால் நிஜப் படமும் அநாதைதான். குறி வைக்காமல் படம் செய்யும் இலவசக் கருவிகளும் ஏராளம். எனவே குறி இருந்தால் ஏஐ என்று சொல்லலாம், குறி இல்லை என்பதற்கு எந்த அர்த்தமும் கிடையாது. சட்டமும் இந்தப் பக்கம் வந்திருக்கிறது: 2026 பிப்ரவரி 20 முதல் நடைமுறைக்கு வந்த விதித் திருத்தம், செயற்கையாகச் செய்த படம், ஒலி, வீடியோக்களுக்கு அடையாளம் இட வேண்டும் என்று சமூக ஊடகங்களைக் கட்டாயப்படுத்துகிறது.

உங்கள் தீர்ப்பு தவறியது உண்டா?

உண்டு. ஒரு ஜூலை மாதம் கிங்ஸ் சர்க்கிளில் முழங்காலுக்கு மேல் தண்ணீர் நிற்கும் வீடியோ குழுவுக்கு வந்தது. கடைப் பலகையைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எழுத்துகள் மராத்தியும் இல்லை, ஆங்கிலமும் இல்லை, புழு நெளிந்த மாதிரி ஏதோ. எழுத்துக் குளறினால் ஏஐ என்பது அப்போது எனக்கு வேதவாக்கு. "போலி, நம்பாதீர்கள்" என்று போட்டுவிட்டேன். என்னை நம்பி ஸ்கூட்டரில் கிளம்பிய ஒருவரின் வண்டி தண்ணீரில் நின்றுபோய், அவர் அதைத் தள்ளிக்கொண்டே சயான் வரை போனார்.

நடந்தது இதுதான். எடுத்தவர் மூன்றாவது மாடியிலிருந்து முழு ஜூம் வைத்து எடுத்திருக்கிறார். இன்றைய போன்கள் தொலைவில் மங்கிய இடங்களைத் தாமே ஊகித்து நிரப்புகின்றன. எழுத்து புரியாதபோது எழுத்து மாதிரி எதையோ வரைந்து வைத்துவிடுகின்றன. வெள்ளம் நிஜம், கடை நிஜம், பலகை மட்டும் இயந்திரத்தின் கைவேலை. அன்றிலிருந்து 'போலி' என்று ஒற்றைச் சொல்லில் நான் பதில் போடுவதில்லை. அந்த நண்பர் இன்னும் மழை வந்தால் எனக்கு போன் செய்து, "சார், இன்றைக்கு வெளியே தெரிவது நிஜ மழையா?" என்று கேட்பார்.

நிஜமான பதிவையே 'ஏஐ செய்தது' என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியுமே?

முடியும். அதற்கு ஒரு பெயரே இருக்கிறது. பாபி செஸ்னி, டேனியல் சிட்ரன் என்ற இரண்டு அமெரிக்கச் சட்ட அறிஞர்கள் 'பொய்யருக்குக் கிடைக்கும் லாபப் பங்கு' என்ற பொருளில் வைத்தது. 2023 ஏப்ரலில் அன்றைய தமிழ்நாட்டு நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜனின் குரல் என்று இரண்டு ஒலிப்பதிவுகள் வெளிவந்ததும், அவை புனையப்பட்டவை என்று அவர் மறுத்ததும் நினைவிருக்கும். யார் சொன்னது சரி என்பதற்குள் நான் போகவில்லை. மாட்டுங்காவில் காபி குடித்துக்கொண்டு நாங்கள் எட்டுப் பேர் இதைப் பேசினோம். ஒவ்வொருவரும் தத்தம் கட்சிப்படியே கேட்டோம். ஒருவர்கூடப் பதிவை முழுதாகக் கேட்டிருக்கவில்லை.

இறந்த பாடகர்களின் குரலில் பாட்டு வருகிறதே, அதுவும் டீப்ஃபேக்தானா?

தொழில்நுட்பம் ஒன்றே. 2024இல் ஏ.ஆர். ரகுமான், மறைந்த ஷாகுல் ஹமீது, பம்பா பாக்யா இருவரின் குரல்களையும் ஏஐ வழியாகப் பாடவைத்தார். குடும்பத்தாரிடம் அனுமதி பெற்று, ஊதியமும் கொடுத்து. அனுமதியில்லாமல் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு அதே வருடம் ஜூலையில் பம்பாய் உயர் நீதிமன்றம் பதில் சொன்னது. பாடகர் அரிஜித் சிங்கின் குரலை ஏஐ கருவிகளால் நகல் எடுக்கத் தடை விதித்தது.

என் படத்தை ஆபாசமாக மாற்றிவிட்டார்கள். முதலில் என்ன செய்வது?

அழிக்காதீர்கள். பயத்தில் எல்லாரும் முதலில் செய்வது அதைத்தான். பதிவின் இணைப்பு, போட்ட கணக்கின் பெயர், நேரம் எல்லாம் தெரிகிற மாதிரி திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்) எடுங்கள். வந்த கோப்பை வந்த போனிலேயே விட்டு வையுங்கள். 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி மின்னணுச் சாட்சியத்தோடு தரும் சான்றிதழில் ஹாஷ் எண் குறிப்பிட வேண்டும். ஹாஷ் என்பது கோப்பிலிருந்து கணக்கிட்டு எடுக்கும் நீண்ட எண். ஒரு புள்ளி மாறினாலும் முழு எண்ணும் மாறிவிடும். ஃபார்வர்ட் செய்து வாங்கிய நகலுக்கு வேறு எண் வரலாம்.

பிறகு தேசிய சைபர் குற்ற இணையதளத்தில் புகார் கொடுங்கள். பணம் போயிருந்தால் 1930 என்ற உதவி எண்ணுக்கு உடனே, நிமிடக் கணக்கில் போன் செய்யுங்கள். சமூக ஊடக நிறுவனத்துக்கும் புகார் அனுப்புங்கள். அந்தரங்கப் படங்களை அவர்கள் இப்போது இரண்டு மணி நேரத்தில் நீக்க வேண்டும். 'ஸ்டாப் என்சிஐஐ' என்ற சேவை, உங்கள் போனிலேயே படத்தின் ஹாஷை மட்டும் எடுத்து நிறுவனங்களுக்கு அனுப்பும். படம் உங்கள் போனை விட்டு வெளியே போகாது. அது பதினெட்டு வயது நிரம்பியவர்களுக்கு. இவ்வளவையும் தனியாகச் செய்யாதீர்கள், நம்பிக்கையான ஒருவரைப் பக்கத்தில் உட்கார்த்தி வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழ்ப் பதிவைச் சோதித்துத் தர யாராவது இருக்கிறார்களா? என் மகன் இந்தத் துறையில் சேரலாமா?

2024 மார்ச்சில் உண்மை சரிபார்ப்பு நிறுவனங்களின் கூட்டமைப்பு ஒன்று டீப்ஃபேக் பகுப்பாய்வுப் பிரிவைத் தொடங்கியது. அதன் வாட்ஸ்அப் எண்ணுக்குத் தமிழிலும் அனுப்பலாம். மகாராஷ்டிரத்தில் போலீஸ் வழியாகப் போகும் சாட்சியங்கள் கலினாவில் உள்ள மாநிலத் தடயவியல் ஆய்வகத்துக்குப் போகும். ஜோத்பூர், சென்னை ஐஐடிகள் சேர்ந்து டீப்ஃபேக்கைக் கண்டுபிடிக்கும் 'சாக்ஷ்யா' என்ற திட்டத்தில் வேலை செய்கின்றன. காரக்பூர் ஐஐடிக்குப் போலிக் குரலை உடனுக்குடன் கண்டுபிடிக்கும் திட்டம்.

மகனுக்குக் கணக்கும் நிரலும் வரும் என்றால் தாராளமாக. காந்திநகரில் உள்ள தேசியத் தடய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இதற்கான படிப்புகள் இருக்கின்றன. ஆனால் கணக்கு வராத பிள்ளைகளுக்கும் இங்கே இடம் உண்டு என்பதை யாரும் சொல்வதில்லை. கருவிகள் பெரும்பாலும் ஆங்கிலக் குரல்களில் பழகியவை. தமிழ் என்று கொடுத்தால் செய்தி வாசிப்பாளர் தமிழைப் புரிந்துகொள்ளும். தாராவித் தமிழ், இந்திச் சொல் கலந்து இழுக்கும் செம்பூர்த் தமிழ், நெல்லைக் கிழவியின் தமிழ் எல்லாம் அதற்கு விநோதமாகப் படும், விநோதம் என்றால் போலி என்று எண் காட்டும். நல்ல காதுள்ள ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொரு பதிவையும் கேட்டு, இது மூச்சு, இது ஒட்டு, இது அந்த ஊர்ப் பேச்சு என்று குறித்துக் கொடுக்க வேண்டும். எங்கள் குழுவுக்கு இப்போது அப்படிப்பட்டவர்கள்தான் வேண்டும். நிஜக் குரல்களும் வேண்டும். ஆச்சி இரண்டு ஞாயிறு வந்து, இட்லிக்கு மாவு அரைக்கும் பக்குவத்தைப் பற்றி நாற்பது நிமிடம் பேசிக் கொடுத்திருக்கிறார்.

உங்களிடம் நேரில் காட்டலாமா?

ஞாயிறு காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை வீட்டில் இருப்பேன். பணம் வேண்டாம். பதிவு எந்த போனுக்கு முதலில் வந்ததோ அந்த போனையே எடுத்து வாருங்கள், சார்ஜரோடு.